எனக்கே புரிஞ்சிடுச்சிங்க!

பாலக்கோட்டில் போன மாதம் ஓர் அநியாயம் நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என் மகள் படிக்கும் தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ். அங்கே ஒரு வினோத வழக்கம் உண்டு. பெற்றோர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கை தூக்கி டீச்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்தது இரண்டு பேர். இருவருக்கும் தாளாளர் கொடுத்தது ஒரே தலைப்பு... பாரலலெபைபெட்!

முதலில் வந்தது எங்கள் தெருப் பெண் நஸ்ரின். எம்.எஸ்ஸி. கணக்கு. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் டீச்சர் ஆவதுதான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

"பயப்படாதீங்க, உடைச்சிடலாம்" என்றாள். பா-ர-ல-லெ-பை-பெட். அசைக்கு ஒரு கைதட்டல். பிள்ளைகளும் தட்டினார்கள். பாரலல் என்றால் இணை, எபி என்றால் மேல், பெடான் என்றால் தரை, எல்லாம் கிரேக்கம், ஆறு பக்கமும் இணைகரமான பெட்டி வடிவம்தான் இது என்றாள். மேலும் கீழும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்தாள். "பெட்டி கோணலாயிடுச்சு. ஆனா எதிரெதிர்ப் பக்கம் இன்னும் இணைதானே?" வகுப்பே "ஆமாம் மிஸ்" என்றது.

அடுத்து வந்தவர் அந்தச் சொல்லை ஒரே மூச்சில் உருட்டினார். பிறகு இங்கிலீஷில் ஏதேதோ உருட்டினார். பிள்ளைகள் விழித்தார்கள்.

ஓட்டெடுப்பு. நஸ்ரினுக்கு என் கை மட்டும்தான் உயர்ந்தது!

பக்கத்தில் இருந்த தக்காளி மண்டி மாதேஷிடம், "ஏங்க இப்படி?" என்றேன்.

"அந்தப் பொண்ணு சொன்னது எனக்கே புரிஞ்சிடுச்சிங்க. எனக்கே புரியற இங்கிலீசுக்கு எதுக்குங்க ஃபீஸ் கட்டணும்? ரெண்டாவது வந்தவங்க பேசுனது ஒரு எழுத்து வெளங்கலை. அதாங்க இங்கிலீசு!"

புரியாததைக் கும்பிட்டே பழகிவிட்டோம். புரிகிற மாதிரி சொன்னால் மட்டமாகத் தெரிகிறது.

நேற்று நஸ்ரின் வீட்டு வாசலில் அதே மாதேஷ், மகனோடு நிற்கிறார்.

"புது டீச்சர் நடத்தறது பையனுக்கு ஒண்ணும் வெளங்கலையாம்மா. சாயங்காலம் டியூஷன் எடேன். நீ சொன்னா நல்லாப் புரியுதாம்."

அவள் தோளில் பை. கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த ஓசூர் கம்பெனியில் அவளுக்கு என்ன வேலை தெரியுமா? அட்டைப்பெட்டி மடிப்பது.