சுவரில் ஒரு குளச்சல்காரன் கை

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சுவரில் மாட்டிவைக்கிறார்கள். பயப்பட வேண்டாம், ஆளை அல்ல, படத்தை. எவருக்காவது அபூர்வமான நோய் வந்துவிட்டால் டாக்டர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். கேஸ் ரிப்போர்ட் என்று பெயர். அதைப் பெரிய தாளில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, இரண்டாம் மாடி நடையில் தொங்கவிடுகிறார்கள். ஒரு கண், ஒரு நுரையீரல், ஒரு பாதம். அவற்றின் கீழே நின்று எல்லோரும் கரக் சாயா குடிக்கிறார்கள். நம் ஊரில் சுவரில் படம் ஏறினால் மாலையும் ஏறிவிடும். இங்கே படத்துக்கு உரியவர் எங்கோ ஒரு ஊரில், தன் படம் தொங்குவது தெரியாமலேயே சோறு தின்றுகொண்டிருப்பார். பஹ்ரைனுக்கு வந்த நாள் முதல் அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பது என் வேலை. கடைசிக் கண்ணாடியை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துடைக்கிறேன். அது ததேயுவின் வலது கை.

எனக்குச் சொந்த ஊர் தோவாளை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கிலீஷ் கற்றதெல்லாம் டாக்டர்கள் கழித்துப் போடும் பழைய மருத்துவ இதழ்களில்தான். அவர்கள் எழுத்தில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சல் இல்லை என்று ஒருவர் சொன்னால், 'நோயாளி காய்ச்சலை மறுக்கிறார்' என்று எழுதுவார்கள். பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்ததுபோல் இருக்கும். மனிதர்கள் வாய்விட்டுச் சொன்னது ஒன்றும் அதில் இராது. வார்டில் கிடந்த ஒரு மலையாளத்து அம்மா, தன் எலும்புக்குள் எறும்பு குடியிருக்கிறது என்றார். ரிப்போர்ட்டில் 'எரிச்சலுடன் கூடிய வலி' என்று வந்தது. எறும்பைக் காணோம். நான் அந்த எறும்பை என் நோட்டில் எழுதிவைத்தேன். ஆட்கள் சொல்லும் இப்படிப்பட்ட பேச்சுகளைச் சேர்ப்பதில் எனக்கு அப்படியொரு ஆசை. அந்த நான்தான் இதைச் செய்தேன்.

ததேயு குளச்சல்காரன். இங்கே ஒரு மீன்பிடி போட்டில் வேலை. ஒரே ஜில்லாக்காரர்கள் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் என் அறைக்கு வருவான். கெளுத்தி மீனின் முள் ஆட்காட்டி விரலில் ஏறியதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களில் விரல் வீங்கி, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிக் கட்டிகள் மணி கோத்ததுபோல் வரிசையாகக் கிளம்பின. எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தான். தமிழ் தெரிந்த டாக்டர் அன்று இல்லை. மாப்புக் குச்சியோடு நின்ற என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே ததேயு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"லே மக்கா, கடல்னு மட்டும் வாயத் தொறந்திராத."

"பின்ன என்னத்தச் சொல்லணும்?"

"கார்டுல உள்ளதச் சொல்லு. தோட்டக்காரன். அந்த விசாவுலதான் நாங்க ஏழு பேரும் போட்டுல நிக்கோம். தெரிஞ்சா ஏழு பேரையும் ஊருக்கு ஏத்திருவானுவ."

"நீ ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்கியாலே?"

"எங்க வீட்டு முற்றத்துல ஒரு முருங்க நிக்கி. அதுக்கு எவன் ஊத்துனான்? அதுவாட்டு காய்க்கி."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

டாக்டர் அயர்லாந்துக்காரர். சின்ன வயசுப் பெண், அருமையான மனுஷி. என்ன வேலை என்றார். தோட்டவேலை என்றேன். முகம் மலர்ந்து, "ரோஜாவா?" என்றார். அவர் கேட்டது ஒரு வார்த்தை. நான் கொடுத்தது ஒரு கூடை. என் அப்பா பூ வியாபாரி. ரோஜாவைக் கட்டுக் கட்டாக அள்ளும்போது முள் விரல் நுனியில் எப்படி ஏறும், ஈரச் சாக்கில் பூவைப் பொதியும்போது காயம் எப்படி ஊறும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கையைக் கழற்றி அவன் தோளில் மாட்டியதுபோல்தான். டாக்டர் விடவில்லை. மீன் தொடுவதுண்டா, கடல்நீரில் இறங்குவதுண்டா என்று கேட்கத்தான் செய்தார். ததேயு என் முகத்தைப் பார்த்தான். "இல்லை டாக்டர்" என்றேன்.

கடைசியில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். ததேயு சொன்னான்: "கைக்குள்ள ஒரு ஞண்டு கெடந்து நவுருது மக்கா."

நண்டை அவன் ஞண்டு என்றுதான் சொல்வான். எத்தனை அருமையான பேச்சு. ஆனால் நண்டைச் சொன்னால் பின்னாலேயே கடல் வந்துவிடும். "முள் குத்துகிறதுபோல் இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டேன்.

ரோஜா முள்ளில் தொற்றும் பூஞ்சை என்று முடிவு செய்தார்கள். மாதக்கணக்கில் அதற்கு மாத்திரை. கட்டிகள் உடைந்து ஒழுகின. சதையை வெட்டி, கிருமி வளர்கிறதா என்று பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. விரல் எலும்பு அரித்துப்போனதும் ஆட்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். வலை பின்னுகிற விரல். முதல் நாள் எடுத்த படத்தைப் போட்டு எழுத அனுமதி கேட்டபோது, "எனக்க பேரு வராதுல்லா?" என்றான். வராது என்றேன். இடது கையால் ஒப்புப் போட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறினான்.

போன மாதம் டாக்டர்களின் அறையை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பழைய இதழில் ததேயுவின் கையைப் பார்த்தேன். அதே வீக்கம், அதே மணி வரிசை. வாசித்தால், அது வேறு ஏதோ தேசத்து மீனவனின் கை. மீனிலும் கடல்நீரிலும் இருக்கும் கிருமியாம். நம் உடம்புச் சூட்டில் வைத்துத் தேடினால் சரியாக முளைக்காதாம், கொஞ்சம் குளிர்ச்சியில் வைக்க வேண்டுமாம். கடல் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்தச் சதையை வேறு பெட்டியில் வைத்திருப்பார்கள். மாத்திரையும் வேறு. அது நம் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு போன் போட்டேன்.

"கட்டி முழங்கைய தாண்டிட்டு மக்கா," என்றான் ததேயு. "கைய எடுக்கணுமோன்னு இங்க நாகர்கோயில் டாக்டரு யோசிக்காரு."

"நீ மீன்காரன்னு அவருட்ட சொன்னியா?"

"அவரு எங்க கேட்டாரு? ஃபைலத் தொறந்தாரு, தோட்டக்காரனான்னாரு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பேப்பராக்கும். தலைய ஆட்டுனேன்."

"ஏலே, குளச்சல்ல இருந்துக்கிட்டா தோட்டக்காரன்னு தலையாட்டுன? அங்க ஒனக்கு என்ன பயம்?"

"இவரு அங்க எழுதிக் கேட்டா? போட்டுல இன்னும் ஆறு பயலுவ கெடக்கானுவ மக்கா."

"யாரும் எழுத மாட்டாவ. நாளைக்கே போ. கெளுத்தி முள்ளு, கடல் எல்லாத்தயும் சொல்லு. ஞண்டயும் சொல்லு."

போனான், சொன்னான். நாகர்கோயில் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். மாத்திரையை மாற்றி, புதிதாகச் சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். கை நிற்குமா, போகுமா என்று சொல்ல இன்னும் பல வாரங்கள் ஆகும். அவன் மனைவி தினமும் எனக்குக் கையின் போட்டோ அனுப்புகிறாள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒருநாள் வற்றியதுபோல் இருக்கிறது, மறுநாள் அப்படி இல்லை.

இங்கே அயர்லாந்து டாக்டரின் கதவு வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பினேன். வாயைத் திறந்தால் ஆறு பேர் பிழைப்பு போகும். திறக்காவிட்டால், நாளை இன்னொரு மீனவன் இதே கையோடு வருவான், இந்தச் சுவரைப் படித்தவர்கள் அவனைப் பார்ப்பார்கள். ஒருநாள் அந்தப் பழைய இதழை, படம் உள்ள பக்கத்தைப் பிரித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது அலமாரியில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. "மேசையைத் துடைத்ததற்கு நன்றி" என்றார். பிறகு, "என் தோட்டக்காரர் நன்றாக இருக்கிறாரா?" என்றும் கேட்டார்.

"நன்றாக இருக்கிறார், டாக்டர்."

இன்று காலை முகத்தைத் திருப்பாமல் துடைத்தேன். படத்துக்குக் கீழே மூன்றாவது வரி: 'மீன், கடல்நீர்த் தொடர்பை நோயாளி மறுக்கிறார்.' மறுத்தது நான். தோவாளை ரோஜா முள் குத்திய குளச்சல் கை அது. இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத ஒருவன் அங்கே தொங்குகிறான். ததேயுவின் கையில் இப்போது நாலு விரல். சுவரில் உள்ள கைக்கு இன்னும் ஐந்து. அந்த ஆட்காட்டி விரலின்மேல் என் துணி கொஞ்ச நேரம் நின்றது.