என் நம்பரை மட்டும் நம்பிய பாய்லர்காரர்

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றை இஸ்திரிப் பெட்டியில் தொடங்கி, இன்று மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை நடத்துகிறேன். என் பெருமை இருக்கட்டும். இது என் பாய்லர்காரரின் கதை.

இருபத்திரண்டு வருஷமாக அந்த விறகுப் பாய்லரோடு மல்லுக்கட்டுகிறார். பாய்லரைப் போலவே அவருக்கும் காலையில் சூடேற நேரமாகும். கையில் பட்டன் போன்தான். ஒருமுறை எவனோ என் குரலில் போன் பண்ணி, ஒரு வண்டித் துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்றே சட்டம் போட்டேன்: என் நம்பரிலிருந்து நான் பேசினால்தான் என் பேச்சு, அதுவரை துணியும் வெளியே போகக்கூடாது, நெருப்பும் அணையக்கூடாது.

போன மாதம் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தேன். மூட்டுவலி. பேச ஆளில்லாத பகல். சன்னலைப் பார்த்தே அலுத்துப்போனேன். ஒரு மத்தியானம் ஊரிலிருந்து மனைவி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"பாய்லர்ல ஆவியை வெளிய விடுற சேஃப்டி வால்வு அடைச்சுக்கிச்சாம். பிரஷர் முள்ளு சிவப்புக்கு ஏறுதாம். பாய்லர்காரர் உங்க போனுக்காக நிக்கிறாராம். நம்ம ஆலைக் கணக்கர் சொல்றார்ங்க."

என் நம்பரிலிருந்து அவருக்குப் போன் போட்டேன். போகவில்லை. மறுபடி போட்டேன். போகவே இல்லை. வேலையிலிருந்த மகளை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். என்னைக் கூட்டிப்போக ஊருக்கு வந்தபோதே என் போனில் வைஃபை காலிங் போட்டுக் கொடுத்தேனே என்றாள்.

"ஏரோப்ளேன் மோடை ஆன் பண்ணிட்டு, வைஃபையை ஆன் பண்ணுங்கப்பா."

"இறங்கி இருபது நாளாச்சேம்மா."

"இந்த ஊர் டவரைப் பிடிக்காம இருக்கத்தான்பா. வைஃபை வழியா உங்க நம்பர்லயே போகும்."

விமானம் தரை தொட்டதும் எல்லோருக்கும் முன்னால் அதை அணைத்தவன் நான். மறுபடி அதைப் போட்டு, வைஃபையும் போட்டு, பாய்லர்காரரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது.

"முதலாளி?"

"நெருப்பை இழுத்துப் போட்டுட்டு வெளிய ஓடுங்க."



"இழுத்துப் போட்டு அரை மணி ஆச்சு முதலாளி. ஆளுங்களையும் வெளிய அனுப்பிட்டேன். உங்க சட்டத்தை மீறிட்டேன்."

"அப்புறம் எதுக்கு என் போனுக்காக நின்னீங்க?"

"திட்டு வாங்கத்தான்."

நான் திட்டவில்லை. அந்தச் சட்டம் இனி வேண்டாம் என்றேன். அதையும் என் நம்பரிலிருந்தே சொன்னேன். இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டார்.