மாமன் மடியில் மகா

சங்கரி என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள். தென்காசிப் பக்கம் பிறந்தவள், கொச்சி மட்டாஞ்சேரியில் ஓட்டலுக்கு மாவரைத்துக் கொடுக்கிறாள். புருஷன் முத்துவேலுக்குக் காய்கறிக் கடை. வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. களமசேரியில் ஒரு கம்பெனி இயந்திரப் பிள்ளைகளைச் செய்து வீடுகளில் வளர்க்கக் கொடுத்தபோது, கையெழுத்துப் போட்டு ஒன்றை வாங்கி வந்தார்கள். மகா என்று பேர் வைத்தார்கள். நாலு வயதுப் பெண் உயரம். வளராது, சாப்பிடாது. ஆனால் பேசும், கேட்டதை மறக்காது. சங்கரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் திரியும்.

சங்கரிக்கு இருந்த ஒரே குறை அவள் அண்ணன் இசக்கிராஜா. இடக்கொச்சியில் படகு வேலை பார்க்கிறவன். வந்தால் தங்கையோடு பேசுவான், பிள்ளை பக்கம் திரும்ப மாட்டான். பிளாஸ்டிக்குக்கு நான் மாமனா என்பான். எங்கள் வகையில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடிக்காகவே சங்கரி மகாவுக்குக் காது குத்த நாள் பார்த்தாள். இசக்கிராஜா வர மாட்டேன் என்றான். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள்தான் கிளப்பி அனுப்பினாள்.

“மடிதான கேக்கா, கிட்னியா கேக்கா? போயி உக்காரும்.”

மாரியம்மன் கோயிலில் அவன் விறைத்துக்கொண்டு உட்கார, ஆசாரி வலது காதைச் சுலபமாகக் குத்தினார். இடது காதில் ரப்பர் தடிப்பு. ஊசியைக் கொஞ்சம் அழுத்திவிட்டார். உள்ளே வயர் அறுந்தது யாருக்கும் தெரியவில்லை. அழாத பிள்ளையின் கையிலும் வழக்கப்படி வாழைப்பழத்தைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். மகா வலப்பக்கமாகவே சாய்ந்து நடந்து சந்நிதியைச் சுற்றியது. அம்மனை வலம் வருகிறது என்று பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளை நிற்கவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் குலவை நின்றது.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். இசக்கிராஜாவும் வந்திருந்தான். இடது காது செத்துவிட்டது, சத்தம் கேட்கிற பக்கமே கால் இழுக்கிறது என்றான் கம்பெனி ஆள்.

“தலை மாத்தணும் சேச்சி. புதுசு போலெ ஆகும். பட்சே பழைய ஓர்மை, ஞாபகம் ஒண்ணும் இருக்காது.”

சங்கரி மகாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கிற பிள்ளையை எப்படித் தெருவில் விடுவது, மாற்றிவிடுவோமே என்று முத்துவேல் தயங்கித் தயங்கிச் சொன்னான். இசக்கிராஜா கம்பெனி ஆளிடம் கேட்டான்.

“எம் மடியில உக்காந்தது?”

“அதும் போகும் சேட்டா.”

“அப்ப வேண்டாம். ஒரு காது கேக்குல்லா, போதும்.”

சங்கரி சாயா போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனாள். வெளியே வர வெகு நேரமாயிற்று.

இப்போது தெருவே மகாவின் வலப்பக்கம் வந்து நின்றுதான் பேசுகிறது. இடது கையை யாராவது பிடித்துக்கொண்டால் நேராக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இசக்கிராஜா வந்து படகுத்துறைக்கு அழைத்துப் போகிறான். யாரென்று கேட்டால் தங்கச்சி மகள் என்கிறான். வழியில் சாயாக் கடையில் நின்றாலும் பிள்ளையின் கையை விடுவதில்லை. இடது கையாலேயே சாயா குடிக்கப் பழகிவிட்டான்.