எலிக்குச் சொன்ன கதை

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில்; வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராது. அந்த வாரம் முழுக்க ஒரே விஷயம்தான் தலைக்குள் ஓடியது. ஒட்சிசனை ஏராளமாகக் கரைத்து வைத்திருக்கும் ஒரு திரவம் இருக்கிறது. அதில் அமிழ்த்திய எலி சாகாது. திரவத்தையே மூச்சாக இழுக்கும். மயக்க வாயுவையும் அதிலேயே கரைத்து நுரையீரலுக்குள் விட்டால்? விலங்குகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். லிங்கநகர் வீட்டில் என் கணவர், "இஞ்சேரும், சாப்பிடேக்கையாவது அந்த எலியை விடும்" என்று கும்பிட்டார்.

அப்போதுதான் கிண்ணியாவிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கழுத்துவரை வீங்கி, வாய் திறக்க ஏலாமல் இருந்தார். உடனே சீழை எடுக்காவிட்டால் மூச்சுப் பாதை அடைத்துவிடும். ஊசியால் உறங்க வைத்தால் மூச்சு நின்றுபோகும். வாய் திறக்காததால் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போடவும் வழியில்லை. முகமூடி வழியாக வாயுவை அவரேதான் இழுத்து உறங்கவேண்டும். அதைச் சொல்லப் போன நான், கடலில் பிழைப்பவராயிற்றே என்று திரவக் கதையையும் அவிழ்த்துவிட்டேன்.

"தண்ணிக்குள்ள மூச்செடுக்கலாமோ?" பல்லைக் கடித்தபடியே கேட்டார்.

"ஓம்! மயக்கத்தையும் அதுக்குள்ளேயே குடுக்கலாம்!"

ஒரு மணித்தியாலத்தில் சத்திரசிகிச்சை அறை. முதலில் ஒட்சிசனை ஒழுங்காக இழுத்தார். "இப்ப மயக்கம் வருது, நல்லா இழுங்கோ" என்றேன். முகமூடியோடு பொருத்திய மூச்சுப் பை அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வழி அடைத்துவிட்டதோ? ஆனால் மனிதர் திணறவில்லை. கண்ணை விழித்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அட கடவுளே, மூச்சை அடக்குகிறார்! காதருகே குனிந்து கத்தினேன்.

"மேல வந்திட்டீங்கள்! மூச்சை விடுங்கோ!"

உஸ்ஸென்று ஊதி, ஆழமாக இழுத்தார். கொஞ்ச நேரத்தில் உறங்கிப்போனார். சீழை எடுத்தார்கள்.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்து அவர் வாய் திறந்து கதைக்கத் தொடங்கினார். "ஏன் அப்பிடி அடக்கினீங்கள்? என்னைச் சாகடிக்கப் பாத்தீங்களே!" என்று பாய்ந்தேன்.

"முகமூடிக்குள்ள தண்ணி வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், டொக்டர்."

"அது எலிக்கு! உங்களுக்கில்லை எண்டு நான்..." சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. குரல் தானாக இறங்கிவிட்டது. "ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மனிசிக்குக் கடைசிப் பயணம் சொல்லிப்போட்டுத்தான் உள்ள வந்தனான். நீங்கள் அவ்வளவு ஆசையாக் கதைச்சீங்கள், டொக்டர். எப்பிடி மாட்டன் எண்டுறது?"