டோரீன் உட்கார வேண்டிய இடம்

ஜீவனஹள்ளியில் மதலைமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்து என்ன பிரயோஜனம்? பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற வேலை. அந்தக் கம்பியைச் சுற்றிச் சுற்றியே, கரண்டைக் கண்டுபிடித்தது தான்தான் என்கிற நினைப்பு அவனுக்கு வந்துவிட்டது. கை தட்டினால் எரியும் விளக்கு என்று ஒன்று செய்தான். பக்கத்து வீட்டில் குழந்தையை முதுகில் தட்டித் தூங்கவைத்தால்கூட அது எரிந்தது. சாப்பாட்டுத் தட்டில் டிவி ஆன்டெனா செய்தான். படம் தெரியவில்லை, தட்டும் போயிற்று. அவனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு டோரீன் எல்லாவற்றையும் சகித்தாள். வாய் சும்மா இருந்ததா என்றால், அது வேறு கதை.

அல்சூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களாக வந்து சேர்ந்து, விடிவதற்குள் டிபன் கேட்டார்கள். முதல் பஸ்ஸோ வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. இன்னொரு தடவை லேட்டானால் சமையலறைச் சாவி வேறு ஆளிடம் போய்விடும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சாவி டோரீனுக்கு உயிர். வீட்டில் அவள் பேச்சை நாய்கூட மதிக்காது. அங்கே அவள் சொன்னால்தான் அடுப்பு பற்றும்.

அவள் தம்பி க்ளென் விஷயம் கேள்விப்பட்டு, தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாமா ஓட்டட்டும், அக்காவைக் காலையில் கொண்டுபோய் விடட்டும் என்றான். மதலைமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெட்ரோல் குடிக்கிற டப்பா தன் வாசலில் நிற்கக் கூடாதாம், பெண்டாட்டியைக் கரண்ட் சைக்கிளில் தானே கொண்டுபோய் விடுவானாம். க்ளென் தலையில் அடித்துக்கொண்டு போய், மொபெட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான்.

அப்புறம் ஆரம்பித்தது மோட்டார் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளே கதி என்று கிடந்தான். கார் வைப்பர் மோட்டாருக்கு இழுக்கிற பலம் இருந்தது. ஆனால் ஆமை வேகம், ஆகாது. ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரியை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும், அதுவும் ஆகாது. கடைசியில் துரைக்குப் பிடித்தது ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் விசிறி மோட்டார். எடை இல்லை, சுற்றுகிற சுற்று கண்ணுக்கே தெரியாது. காற்றைத் தள்ளப் பிறந்ததை ஆளைத் தள்ளச் சொன்னான் அந்த மேதாவி. அதன் முனையில் ரப்பர் உருளை ஒன்றைப் பொருத்தி, பின் டயரை உரசும்படி கட்டினான்.

பாட்டரியும் அப்படித்தான். கார் பாட்டரி ஆசிட் சிந்தும் என்றான். ஆபீஸ்களில் வயதாகிவிட்டது என்று கழற்றிப் போட்ட யுபிஎஸ் பாட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் நிறைவாகக் காட்டியது. இவ்வளவு நல்ல சரக்கைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கு மூளையே கிடையாது என்று ஊரெல்லாம் சிரித்தான்.

தினமும் சாயங்காலம் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பாட்டரிகளைத் தரையில் பரப்பி ஸ்விட்சைப் போடுவான். பின் சக்கரம் அந்தரத்தில் பறக்கும். எதிர்வீட்டுப் பச்சைமுத்து கை தட்டுவான். ஆள் ஏறாத சக்கரம் சுற்றுவதற்கு என்ன கேடு? ஏறி ஓட்டிக் காட்டுங்கள் என்றாள் டோரீன். ஆயுத பூஜை வரட்டும் என்றான். அவன் கம்பெனியில் அன்றைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். மறுநாள்வரை யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. பூசைக்கு வராத கிறிஸ்தவன் இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டான். சைக்கிளுக்கும் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பழைய போர்வையால் மூடினான். அது தரையில் ஓடியதே இல்லை.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் டோரீன் பையோடு வாசலுக்கு வந்தாள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அவன் போர்வையை எடுத்தான். கேரியர் முழுக்க ஒரு தகரப் பெட்டி. உள்ளே பாட்டரிகள்.

"நான் எங்க உக்கார்றது?"

அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு அந்த யோசனை மட்டும் வந்ததே இல்லை. முன்கம்பியில் உட்காரச் சொன்னான். அவளும் மானத்தை விட்டு ஏறினாள். மோட்டார் கீச்சிட்டது, ரப்பர் கருகி நாறியது, எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. இறங்கச் சொல்லி, தான் மட்டும் ஏறி, ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். வண்டி நகர்ந்துவிட்டது. மூஞ்சியெல்லாம் பல்.

"நீ பஸ்ல வா டோரீன். நான் முன்னாடி போயி, நீ வந்துக்கிட்டே இருக்கேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

மணி அடித்துக்கொண்டே போய்விட்டான். இந்தக் கூத்தில் முதல் பஸ்ஸும் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில், அல்சூர் ஏரி திரும்பும்போது, ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். பாட்டரி செத்த வண்டியை ஹாஸ்டல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாஸ்டலில் லீனா என்கிற புதுப் பெண் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. சிஸ்டர் கோபப்படவில்லை, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். டோரீன் குடிக்கவில்லை.

சாயங்காலம் மதலைமுத்து வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"ஏரி வரைக்கும் மிதிக்காமலே வந்துச்சு, பாத்தியா? இன்னும் ரெண்டு பாட்டரி போட்டா ஹாஸ்டல் வாசலுக்கே போயிடலாம்."

டோரீன் முறத்திலிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவாவே போடுங்க. நாளையிலேர்ந்து எனக்குப் போக வேண்டிய எடம் எதுவும் இல்ல."

அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். சார்ஜரைத் தேடி எடுத்து ப்ளக்கில் சொருகினான்.