இரண்டாவது குடம்

விடியற்காலையில் குடத்துத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ‘சளார்’ என்று விழும் சத்தத்தில்தான் பள்ளி நாட்களில் நான் கண்விழித்தேன். கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் ‘குவார்ட்டர்ஸ்’ வீட்டின் பின்வாசலில், குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து, முதல் நாள் பிடித்துவைத்த குடிதண்ணீர் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் அதை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, குடத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிப்பது அம்மாவின் வழக்கம். முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் அப்பா, அந்தச் சத்தம் கேட்டதும் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றுவிடுவார்.

“அதைய ஏன் கொட்டுற? உள்ள பாம்பா விழுந்து கெடக்கு?”

“ராத்திரி பூரா நின்ன தண்ணிங்க அது. செத்த தண்ணி. அத்த யாரு குடிப்பா?”

“நான் குடிப்பேன். எங்க ஊர்ல ஒரு கொடத்த மூணு நாளு வச்சுக் குடிச்சோம். ஒன்னையக் கொண்டுபோயி ஒரு மாசம் அங்க விடணும்.”

“வுட்டுட்டு வாங்க. உங்களுக்கு முன்னாடி நான் பஸ் புடிச்சி வூடு வந்து சேந்துருவேன்.”

அப்பா ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமத்திலிருந்து வேலைக்காக வந்தவர். அம்மா மதுராந்தகம் பக்கம், ஏரி நிரம்பினால் கொல்லைப்புறம் வரை தண்ணீர் வந்து நிற்கும் ஊரில் வளர்ந்தவர். இருவருமே அதிகம் பேசாதவர்கள், என்னைப் போலவே. அப்பா தன் ஊரைப் பற்றி எங்களை உட்காரவைத்துச் சொன்னதே இல்லை. ஆனால் ஊற்றில் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டதும், கை தவறிக் குடத்தைச் சாய்த்துவிட்ட அவருடைய அக்கா அன்று முழுக்க வீட்டுக்கு வராமல் கருவேலங்காட்டில் ஒளிந்திருந்ததும் அந்தக் காலைச் சண்டையில்தான் எனக்குத் தெரியவந்தன. பதிலுக்கு அம்மாவும், பழைய தண்ணீரைக் கொடுத்ததால் தன் வீட்டில் விருந்தாளி ஒருவர் சொம்பைத் தொடாமலே எழுந்து போன கதையைச் சொல்வார். தண்ணீரைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒருவர் பிறந்த வீட்டை மற்றவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது வானொலி மாதிரி, தினமும் கேட்கிற ஒரு சத்தம்.

எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஒருநாள் வாசலில் நின்றபடியே, “இன்னாண்ணா, தெனம் இதே பேஜாரா கீது. ஆளுக்கு ஒரு கொடம் வாங்கி வெச்சிக்கினா முடிஞ்சிது. நாங்களும் கொஞ்ச நேரம் நிம்மதியா தூங்குவோம்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலை செங்கல்பட்டு போய்விட்டு வந்தவர் கையில் புது எவர்சில்வர் குடம் இருந்தது. “இது என்னோடது. இதைக் கொட்டாத” என்று சமையலறை மூலையில் அதைத் தனியாக வைத்தார். அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து அதை மூடினார். அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா தன் குடத்தைக் கொட்டினார். அப்பா எழுந்து வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வீடு அமைதியாகிவிட்டது; எதிர் வீட்டு அக்கா தன் யோசனையைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் மட்டும் பாயில் படுத்தபடி, அவர்கள் இன்றைக்காவது பேசுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சாப்பாடு, சாவி, மார்க்கெட் என்று தேவைக்குப் பேசினார்கள். ஊற்றும் ஏரியும் வரவே இல்லை.

அந்தக் கோடையின் முடிவில் ஒருநாள், அப்பா ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, அம்மா அவருடைய குடத்தை எடுத்துவந்து, அவர் பார்க்கும்படியாகக் கவிழ்த்தார். கொட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கத்துங்கப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்பா எழுந்து, அம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கி, குழாயில் நிரப்பி, மூலையில் வைத்துத் தட்டால் மூடிவிட்டு, ஷிப்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் மூடாமல் விட்டுப்போன குழாயை அம்மா மூடினார்.

அதன்பின் அம்மா அந்தக் குடத்தைத் தொடவில்லை. அப்பா ஓய்வு பெறும் வரைக்கும், அதற்குப் பிறகும், ஒரே வீட்டில் இருவரும் வேறு வேறு தண்ணீர் குடித்தார்கள். சத்தமே வராத ஜோடி என்று உறவில் அவர்களைத்தான் உதாரணம் காட்டினார்கள். அப்பா இறந்தபோதும் அதையே சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போது அம்மா படூரில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். குடம் இல்லை, குழாய்க்கு நேரம் இல்லை; சுவரில் மாட்டிய இயந்திரத்தில் எந்நேரமும் தண்ணீர். ‘செத்த தண்ணி’ என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் தேவை இல்லை. என் கணவருக்கு வேறு வழக்கம்: காபி போட்டு முடித்த கையோடு சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுவார். அரைமணியில் மறுபடி திறக்கத்தானே வேண்டும் என்று நான் அலுத்துக்கொள்வேன். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஸ்டவ் வெடித்ததை அவர் பார்த்திருக்கிறார் என்பது அந்த அலுப்புக்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் காபிக்குப் பிறகு பார்த்தால், ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாங்க, மூடலையா?”

“நீதான வேணாம்னு சொல்லிக்கினே இருந்த. வுடு.”

அதிர்ந்து பேசிப் பழகாதவள் நான். “எழுந்து வந்து மூடுங்க” என்றேன். டிவி சத்தத்தில் அவர் திரும்பவில்லை.

உள் அறையில் படுத்திருந்த அம்மா சொன்னார்: “அவருக்குக் கேக்கல. இன்னும் கொஞ்சம் கத்து.”