காலையில் போட்ட டிக்

மேட்ச் நடக்கும்போது ஹிலரி ஆர்மராட் உட்கார்ந்து ராதர்ஷாவில் யாரும் பார்த்ததில்லை. வேலிக் கம்பியை ஒட்டி மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். முதல் பாதியில் வலப்பக்கமாக, இரண்டாம் பாதியில் இடப்பக்கமாக. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவள் நடையின் வேகம் மாறாது. கேட்டில் டிக்கெட் கிழிக்கும் கிழவர்கள் அவள் சுற்றுகளை எண்ணியே மணி சொல்வார்கள்.

வயது அறுபத்தொன்று. வாரநாட்களில் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை. மற்ற நேரமெல்லாம் ராதர்ஷா டவுன் கால்பந்து கிளப்பின் செயலாளர். கணவர் ராய் கோல்கீப்பராக இருந்த காலத்தில், ஒரே ஒரு சனிக்கிழமை சட்டைகளைத் துவைத்துக் கொடுக்க வந்தவள். ராயின் முழங்கால் போய் அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இவள் உட்காரவில்லை. செயலாளர் ஆகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

அந்த லீக்கில் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. கூரை போடுகிறவன், தபால்காரன், பள்ளி ஆசிரியன். கிளப் கொடுப்பது பெட்ரோலுக்குக் காணும். ஆனால் விதிகள் மட்டும் பெரிய கிளப்புகளுக்கு உள்ளவையேதான். யார் எப்போது பதிவானான், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை, யாருக்கு எத்தனை மேட்ச் தடை என்று எல்லாம் ஹிலரியின் நீல நோட்டில் இருந்தன. ஒவ்வொரு தடைக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். தடை வாங்கியவன் ஒரு மேட்ச் வெளியே நின்றால் அதில் ஒரு டிக்.

அந்த டிக்கை அவள் மேட்ச் நாள் காலையிலேயே போட்டுவிடுவாள். மேட்ச் முடிந்தபின் எதிரணிக் கமிட்டிக்கு டீ, சாண்ட்விச், நடுவருக்குக் கையெழுத்து, சேறு பிடித்த சட்டைகள் என்று வேலை குவிந்துகிடக்கும். முதல் வருடம் அதில் ஒரு டிக் விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து காலையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதற்கு முன்பே, பேனாவை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் பிசகியதில்லை.

ஏப்ரல் கடைசியில் ராதர்ஷா பட்டியலின் அடியில் இருபத்தேழு புள்ளியோடு கிடந்தது. கடைசியாக முடிக்கிற அணி கீழ்ப் பிரிவுக்குப் போகும். அதற்கு மேலே ஸ்கார் டாப், இருபத்தொன்பது. அவர்களுக்கு மேட்ச் எல்லாம் முடிந்துவிட்டது. ராதர்ஷாவுக்கு மிச்சம் இரண்டு. சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஒன்று. அடுத்த செவ்வாய் கால்டர்ஹேயில் இன்னொன்று. கால்டர்ஹே ஏற்கெனவே சாம்பியன். அங்கே போய் ஜெயிப்போம் என்று ராதர்ஷாவில் யாரும் சொல்லவில்லை. அதனால் சனிக்கிழமைதான் எல்லாம்.

வியாழன் பயிற்சியில் கீரன் டாட்டர்சால் அவளிடம் வந்தான். கூரை வேலைக்காரன், இருபத்துநான்கு வயது, அணியில் கோல் அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மஞ்சள் அட்டைகள் சேர்ந்து ஒரு மேட்ச் தடை வாங்கி, முந்தின செவ்வாய் வெளியே நின்றிருந்தான்.

"சனிக்கிழமை நான் ஆடலாம்ல, ஹிலரி?"

"டிக் போட்டாச்சு கண்ணு. நீ பூட்ஸைத் தொடச்சு வை, போதும்."

சனிக்கிழமை எண்பத்துமூன்றாம் நிமிடம் மூலையிலிருந்து வந்த பந்தைக் கீரன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். ஒன்று–பூஜ்யம். மேனேஜர் டென்னி சக்டன், வாரநாளில் ரொட்டி வேன் ஓட்டுகிறவர், வேலியைத் தாண்டி வந்து ஹிலரியைத் தரையிலிருந்து தூக்கினார். முப்பது புள்ளி. தப்பித்தாயிற்று.

முடிவை லீக்குக்கு அனுப்பிவிட்டு, செவ்வாய்க்குப் பஸ் சொல்லவேண்டுமே என்று ஹிலரி டீ அறையில் நின்றபடியே நீல நோட்டைப் புரட்டினாள். கால்டர்ஹே, போன செவ்வாய். கீரனின் கட்டம், அதில் டிக். அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே ஒரு வரி: 74ஆம் நிமிடம் விளக்குகள் அணைந்தன, ஆட்டம் கைவிடப்பட்டது.

அதனால்தான் அந்த மேட்சை வருகிற செவ்வாய் மறுபடி ஆடப்போகிறார்கள். கைவிட்ட மேட்ச் மேட்சே இல்லை. அதில் வெளியே நின்றது தடைக் கணக்கில் சேராது. கீரன் இன்று மைதானத்தில் கால் வைத்திருக்கக் கூடாது. நான்கு நாளாக அந்த டிக்கும் அந்த வரியும் ஒன்றின்மேல் ஒன்று இருந்திருக்கின்றன. டிக் காலையில் போட்டது, வரி சாயங்காலம் எழுதியது.

கழுவி வைத்த கோப்பைகளை எடுத்து அவள் மறுபடி கழுவினாள். பக்கத்து பாரில் பையன்கள் பாடினார்கள். மேசைகளைத் துடைத்தாள். வெளியே போய், தூறலில், ஆளில்லாத மைதானத்தை ஒரு சுற்று சுற்றினாள். மூலைக் கொடிகளைப் பிடுங்கிக் கட்டினாள். அது அவள் வேலையும் அல்ல. அப்போது போன் அடித்தது. ஸ்கார் டாப் செயலாளர் வெண்டி.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்கார் டாப் ஒரு பையனைப் பதிவு ஆவதற்கு முந்தின நாள் ஆடவிட்டது. அதைக் கண்டுபிடித்து லீக்குக்கு மூன்று வரி எழுதியது ஹிலரிதான். ஸ்கார் டாப்புக்கு மூன்று புள்ளி போனது. வெண்டி ஒரு சீசன் முழுக்க அவளோடு பேசவில்லை. பிறகு தானாகவே பேசினாள்.

"நாங்க கீழ போறோம். நீங்களாவது தப்பிச்சீங்களே, அது போதும்டி" என்றாள் வெண்டி. "அந்தப் பையன் கோல் அடிச்சானாமே. அவனுக்குத் தடை இருந்துச்சுல்ல, முடிஞ்சுதா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. செயலாளர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு, அவ்வளவுதான். ஹிலரி அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிறு காலை ராய் முட்டை பொரித்து வைத்தார். அவள் கையில் தட்டோடு சமையலறையில் நடந்துகொண்டே தின்றாள். பத்து மணிக்கு டென்னி வீட்டுக்கு நடந்தே போனாள். அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்ப விடு ஹில். நேத்து ஆடினவங்களுக்கு நம்மளப் பத்தி என்ன கவலை? லீக்குல பாக்கறதுக்கு ஆள் இல்லை."

"வெண்டி பாத்துருவா."

"பாக்கறாளா?"

"நானா இருந்தா பாப்பேன்."

டென்னி வேனின் அதே இடத்தை மறுபடி துடைத்தார். பையன்கள் என்ன சொல்வார்கள், கீழ்ப் பிரிவுக்குப் போனால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்டார்.

"இத்தனை வருஷமா ஒரு தப்பு இல்லை. கடைசியில இந்த வாரமா பாத்து..." என்றார். பிறகு, "நான்தான் தடுத்தேன்னு எழுதிறாத" என்றார்.

வீட்டுக்கு வந்து, நின்றபடியே, கம்ப்யூட்டரில் எழுதினாள். அன்று ஸ்கார் டாப் பையனைப் பற்றி எழுதியது போலவே மூன்று வரி. பெயர், தேதி, தவறு செயலாளருடையது. அனுப்பியபின் கீரனுக்குப் போன் செய்தாள்.

"அப்ப என் கோல்?" என்றான் அவன்.

"கோல் கோல்தான் கண்ணு. புள்ளி மட்டும் இல்லை."

திங்கள் மதியம் லீக் பதில் அனுப்பியது. மூன்று புள்ளி கழிந்தது. மறுபடி இருபத்தேழு. கால்டர்ஹேயில் ஜெயித்தால் மட்டுமே பிழைப்பு. கீரன் இல்லாமல்.

செவ்வாய் மாலை கீரன் பஸ்ஸில் வந்தான். சாதாரண உடையில், பின் சீட்டில். மைதானத்தில் ஹிலரி நடக்கத் தொடங்கியதும் கூடவே நடந்தான். ஸ்கார் டாப்பிலிருந்து வெண்டியும் வந்திருந்தாள். அவள் கிளப்பின் தலைவிதியும் இங்கேதானே இருந்தது. நடுக்கோட்டருகே பிளாஸ்க்கோடு நின்றாள். முதல் சுற்றில் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டாம் சுற்றில் வெண்டி டீ ஊற்றி மூடியை நீட்டினாள். ஹிலரி நடையை நிறுத்தாமலே ஒரு வாய் குடித்து, அடுத்த சுற்றில் மூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சுத்திக்கிட்டே இருந்தா கால் வலிக்காதா?" என்றான் கீரன்.

"நின்னாத்தான் வலிக்கும்."

பாதி நேரத்தில் ஒன்று–ஒன்று. அதன்பின் ராதர்ஷா முழு ஆளோடும் முன்னால் ஏறி அடித்தது. தபால்காரன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கீரன் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எழுபத்துநான்காம் நிமிடம் ஹிலரி நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தாள். நான்கு கம்பங்களும் எரிந்துகொண்டிருந்தன.

"எண்பத்தஞ்சு ஆச்சு. என் டிக்கைப் போட்டுருங்களேன்" என்றான் கீரன். சிரிக்க முயன்றான்.

"விசில் ஊதட்டும்."

கூடுதல் நேரத்தில் இன்னொரு மூலை உதை கிடைத்தது. பந்து கூட்டத்தின் மேலே, கீரன் இருந்திருந்தால் அவன் தலை இருக்கும் உயரத்தில் போய், மறுபக்கம் வெளியேறியது. நடுவர் ஊதினார். ஒன்று–ஒன்று. இருபத்தெட்டு. ஸ்கார் டாப்புக்கு இருபத்தொன்பது.

வெண்டி நடுக்கோட்டருகே இருந்தபடியே கையை உயர்த்தி, பாதியில் இறக்கிக்கொண்டாள். டென்னி தரையில் விழுந்துகிடந்த பையன்களை ஒவ்வொருவராக எழுப்பிவிடப் போனார். ஹிலரி நின்றாள். கோட் பையிலிருந்து நீல நோட்டை எடுத்து வேலிக் கம்பிமேல் விரித்தாள். பழைய டிக்கைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தாள். கீரன் எட்டிப் பார்க்க, அதில் ஒரு டிக் போட்டாள்.

"இப்ப ஆடலாம்" என்றாள்.

"ஆகஸ்டுலதானே அடுத்த மேட்ச்."

"ஆமா. கீழ்ப் பிரிவுல" என்று சொல்லி, நோட்டை மூடிக்கொண்டு, எதிரணிக் கமிட்டிக்கு நன்றி சொல்ல நடந்தாள்.